நான் காலியாக விட்ட கட்டம்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி முடிகிற நாளில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேச ஆரம்பித்தால் நாலு வார்த்தையில் நிறுத்த மாட்டேன் என்பது சுகாதாரக் கந்தோரில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊசியை எப்படிப் பிடிப்பது, மருந்துப் பெட்டியில் ஐஸை எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு பிழையைத்தான் சொல்லப் போகிறேன். என்னைப் போல நல்ல வேலைக்காரிகள்தான் அந்தப் பிழையைச் செய்வார்கள், சோம்பேறிகளுக்கு அது வராது.

முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாதுவாக வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருடமும் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்கள்தான். குண்டசாலையில் என் வீடு. இரண்டு பஸ் மாறிப் போய், பிறகு தேயிலைக்கு நடுவே ஏறி நடந்தால் என் பிரிவு வரும். எனக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் இருந்தது. ஒன்று என் குரல். கீழ் லயத்து வரிசை வீடுகளில் நின்று கூப்பிட்டால் மேல் லயத்தில் கேட்கும். மற்றது என் பதிவேடு. எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி எந்த நாளில் என்று ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. மாதாந்தக் கூட்டத்தில் பெரிய டொக்டர் அதைத் தூக்கிக் காட்டி, "இதைப் பார்த்துப் படியுங்கள்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன், ஆனால் உள்ளுக்குள் பூரித்துப் போவேன்.

இந்தக் கதைக்குரிய பெண்ணை மல்லிகா என்று சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மிஸ், பேர மட்டும் மாத்திருங்க. மல்லிகான்னு வைங்க. பள்ளிக்கூடத்துல எனக்குப் புடிக்காத ஒருத்தி பேரு அது" என்றாள். தோட்டத்தின் பெயரை நீங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நிறுவை நாள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில்தான் மாதம் ஒருமுறை நான் எடை பார்ப்பேன். மல்லிகா கர்ப்பமாக இருந்தபோதே அடிக்கடி கண்டிக்குப் போய் வந்தவள்; அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவித்து, சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு, இரண்டரை மாதப் பெண் குழந்தையோடு அப்போதுதான் திரும்பியிருந்தாள். புருஷன் கொழும்பில் வேலை. புருஷனின் அக்காவுடன் ஒரே லயத்தில் இருந்தாள். பிள்ளை தாய்ப்பால் இல்லாமல் பால்மாவில் வளர்கிறது என்று கேட்டதுமே நான் ஒரு பாட்டம் ஏசி முடித்திருந்தேன். பிறகு பிள்ளையின் கிளினிக் கொப்பியை விரித்தேன். பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே போட்டு அனுப்புகிற பீ.சீ.ஜீ., அதாவது காசநோய்த் தடுப்பூசிக்கான கட்டம், காலியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் 'பிறகு' என்று சின்னதாக எழுதி, ஒரு சுருக்கக் கையெழுத்து மட்டும் போட்டிருந்தது.

என் பிரிவில் ஒரு காலிக் கட்டம்! குழந்தையின் இடது கைச் சட்டையைச் சுருட்டினேன். தழும்பும் இல்லை, புண்ணும் இல்லை.

"என்னம்மா இது, புள்ள கையில ஊசி போட்ட அடையாளத்தையே காணோம்?"

"பெரிய டொக்டரு பொறவு போட்டுக்கலாம்னு சொன்னாங்க மிஸ்."

"எந்தப் பெரிய டொக்டரு? எதுக்குப் பொறவு?"

மல்லிகா தராசைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காம்பராவில் இருபது தாய்மாராவது இருந்திருப்பார்கள். அதுவரை சந்தை மாதிரி இருந்த இடம் அமைதியாகிவிட்டது. அதையும் நான் என் குரலுக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நினைத்தேன். நாத்தனார் வேறு பின்னால் இருந்து, "மிஸ் கேக்குறாங்கல்ல, வாயத் தொறந்து சொல்லேன் புள்ள" என்று இடித்தாள்.

"மருந்து முடிஞ்சிருக்கும், இல்லாட்டி லீவு நாளா இருந்திருக்கும். பொறவுன்னு எழுதி அனுப்பிட்டாங்க" என்று நானே தீர்ப்புச் சொன்னேன். "வர்ற வியாழக்கெழம நம்ம ஆஸ்பத்திரியில இந்த ஊசி போடுற நாள். நானும் நிப்பேன். வராம இருந்தின்னா வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போவேன்."

பெண்கள் சிரித்தார்கள். மல்லிகாவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வியாழக்கிழமை அவள் வந்தாள். வராமல் இருக்க முடியாதபடி நான்தான் செய்துவைத்திருந்தேனே. நாத்தனார் அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள். நீள வாங்கில் தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகாவின் முறை வந்தபோது, "புள்ள தூங்குறா, நீங்க போங்க" என்று பக்கத்திலிருந்தவளை அனுப்பினாள். அடுத்த தடவை பால் கரைக்க வேண்டும் என்றாள். மூன்றாம் தடவை காரணம் எதுவும் சொல்லாமல் எழுந்து வாங்கின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வீசத்தான் வேண்டும். ஊசி போடுகிற மிஸ் எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு பிள்ளைதானே, கொண்டு வாங்க" என்றார்.

ஏசுவதற்காகத்தான் மல்லிகாவிடம் போனேன். பக்கத்தில் போனதும் அவள் கையைப் பார்த்தேன். பிள்ளையின் இடது தோளை உள்ளங்கையால் பொத்தி வைத்திருந்தாள். அவள் ஊசிக்குப் பயந்த தாய் இல்லை. ஊசிக்குப் பயந்த தாய் அழுவாள், கெஞ்சுவாள், ஓடுவாள். இவள் வாயைத் திறக்காமல் பிள்ளையைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. பால்மா. கர்ப்ப காலத்திலும் மாதம் ஒருமுறை யாருக்கும் காரணம் சொல்லாமல் கண்டிக்குப் போய் வந்தது. பென்சிலில் 'பிறகு'. ஒரு வருடத்துக்கு முன் எங்களுக்கு நடந்த ஒரு வகுப்பு ஞாபகம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்த வகுப்பு, பாதியில் நான் தூங்கிவிட்டேன். தூங்காத பாதியில் கேட்டது இதுதான்: தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் அது தாய்ப்பாலிலும் தொற்றலாம்; பிள்ளைக்கு அது வரவில்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை பீ.சீ.ஜீ. போடக் கூடாது. அந்த மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. மற்றப் பிள்ளைகளை அது காக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அதுவே நோயாகி உடம்பெல்லாம் பரவக் கூடும்.

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. நாத்தனார் ஒரு கை தூரத்தில் நிற்கிறாள், உள்ளே மருந்து தயாராக இருக்கிறது. பிள்ளைகளே, இந்த வேலையில் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். அப்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இன்றைக்குப் போடாத ஊசியை அடுத்த மாதம் போட்டுவிடலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

குழந்தையின் நெற்றியில் கையை வைத்து என் முழுக் குரலில், "அட, புள்ளைக்கு உடம்பு சுடுதே! இன்னைக்கு வேணாம்" என்றேன்.

நாத்தனாரும் தொட்டுப் பார்த்தாள். "சுடலியே மிஸ், காலையில இருந்து நல்லாத்தானே இருக்கா?"

"முப்பது வருஷமா புள்ளைங்களத் தொட்டுப் பாக்குறேன். நீ எனக்குச் சொல்லித் தரப் போறியா? தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

பச்சைப் பொய். அதற்காக நான் வெட்கப்படுகிறேன், அன்றைக்கு அதைச் சொன்னதற்காகச் சந்தோஷமும் படுகிறேன். உங்களுக்குப் பொய் சொல்லப் பழக்கவில்லை. நான் கொப்பியைச் சரியாக வாசித்திருந்தால் பொய்க்கே தேவை வந்திருக்காது.

அவர்கள் போனதும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் நின்று, கண்டியில் அந்த வகுப்பை எடுத்த டொக்டருக்கு அழைத்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், என் மகள் வயது இருக்கும். நான் பெயரைச் சொன்னதும், "முன் வரிசையில இருந்து நித்திரை கொண்டது நீங்கள்தானே?" என்றார். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்வது?

"ஒரு பிள்ளைக்கு பீ.சீ.ஜீ. கட்டத்துல பிறகுன்னு எழுதியிருக்கு டொக்டர். அந்தத் தாய்..."

"பெயரைச் சொல்லாதேங்கோ. நானும் கேக்க மாட்டன். ஊசி போட்டாச்சோ?"

"இல்ல."

போனில் ஒரு பெருமூச்சுக் கேட்டது. "ஒரு டொக்டர் பிறகு எண்டு எழுதினா, அது காரணத்தோடதான். காரணம் என்னெண்டு நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை, ஊசியை நிப்பாட்டினாப் போதும். சந்தேகம் எண்டால் எழுதின இடத்துக்கு ஒரு போன் கோல் எடுங்கோ. பரிசோதனையள் முடிஞ்சு, போடலாம் எண்டால் அவையே எழுதித் தருவினம்."

"சரி டொக்டர். ஆனா நான் எல்லாத் தாய்மாருக்கும் முன்னால வச்சு ஏன் போடலன்னு கேட்டுட்டேன்."

"எனக்கு ஊசியைவிட வேற ஒண்டுதான் பயம். எல்லாருக்கும் முன்னால வைச்சுக் கேட்டிருக்கிறியள். அப்பிடி ஒரு தாய் பயந்துபோய்க் கண்டிக்கு வாறதையே விட்டிட்டா என்ன செய்யிறது? பிள்ளைக்குப் பரிசோதனையும் இல்லை, தாய்க்கு மருந்துக் குளிசையும் இல்லை. குளிசை ஒழுங்காப் போட்டா அவ பேரப்பிள்ளை காணும் மட்டும் இருப்பா. விட்டா இருக்க மாட்டா."

நான் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது தாய்மாருக்கு முன்னால் அந்தச் சட்டையைச் சுருட்டியது என் கைதானே.

அடுத்த நிறுவை நாளில் மல்லிகா வரவில்லை. 'ஊசி போடாத புள்ள' என்று லயத்தில் ஒரு பேச்சு ஆரம்பமாகியிருந்தது. காய்ச்சல் வந்தால் ஒரு வாரம், அதற்குப் பிறகும் ஏன் போடவில்லை என்று கேட்கத்தானே செய்வார்கள்? அவளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அவள் வீட்டுக்கு மட்டும் போனால் அதுவே ஒரு செய்தியாகிவிடும். அதனால் அந்த லயத்தின் முதல் வாசலில் தொடங்கினேன். பன்னிரண்டு வீடு, எல்லா வாசலிலும் நின்று நலம் விசாரித்தேன். கர்ப்பிணி இல்லாத வீட்டில்கூட தேத்தண்ணீர் குடித்தேன். மல்லிகாவின் வாசலுக்கு வந்தபோது ஏழாவது கோப்பை.

நாத்தனார்தான் கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் இருக்கும்போதே சொன்னேன்: "மல்லிகா, தப்பு என்னோடது. உன் கொப்பியில டொக்டரு தெளிவா எழுதித்தான் இருந்தாரு. நான்தான் சரியா வாசிக்காம எல்லாருக்கும் முன்னால உன்னக் கேட்டுட்டேன். காய்ச்சல்னு சொன்னதும் என் தப்ப மறைக்கத்தான். அந்த ஊசிய டொக்டரு சொல்றப்பப் போட்டுக்கலாம்."

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. நாத்தனார் விடவில்லை.

"அதெல்லாம் சரிங்க மிஸ். எதுக்காம் பொறவு?"

"அது டொக்டருக்கும் தாய்க்கும் உள்ள பேச்சு. உன் விஷயம் ஒண்ணு எனக்குத் தெரியும்ல? இத்தன வருஷத்துல யாருகிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள், பிறகு மல்லிகாவைப் பார்த்தாள். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்று மல்லிகா பின்னால் சொன்னாள். லயத்தில் வேறு யாரும் கேட்டபோதும் "டொக்டரு சொன்னா போடுவாங்க, ஒங்களுக்கென்ன" என்று அவள்தான் வாயை அடைத்தாளாம்.

மல்லிகா என்னை வழியனுப்ப வாசல்படி வரை வந்தாள். "வர்ற செவ்வாக்கெழம கண்டிக்குப் போறேன் மிஸ்" என்றாள். "போயிட்டு வா" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். இறங்கி வரும் வழியில் எனக்குக் கண்ணீர் வந்தது, ஏழு கோப்பைத் தேத்தண்ணீரும் குலுங்கியது.

அன்றிலிருந்து என் முறையை மாற்றினேன். எடை வெளியே, கொப்பி உள்ளே. ஒரு தாய், ஒரு பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு. மல்லிகாவுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். முதலில் முணுமுணுத்தார்கள், நேரம் போகிறது என்றார்கள். பிறகு பார்த்தால் உள்ளே வந்தவர்களிடமிருந்து எனக்கு அதுவரை தெரியாத விஷயங்கள் வெளியே வந்தன. யாருக்கு வீட்டில் அடி விழுகிறது, யார் மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிறாள் என்பதெல்லாம். அத்தனை வருடமும் என் குரல் அவற்றையெல்லாம் அமுக்கி வைத்திருந்திருக்கிறது.

மாதாந்தக் கூட்டத்தில் என் பதிவேட்டின் காலிக் கட்டத்தை மேற்பார்வை மிஸ் விரலால் தொட்டு, "உங்களுக்கா இப்படி?" என்றார். "டொக்டரின் உத்தரவு, பிற்போட்டிருக்கிறது" என்றேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்குத் தூக்கிக் காட்டப்பட்டது வேறொருவரின் பதிவேடு. எரிச்சலாகத்தான் இருந்தது, நான் ஒன்றும் மகான் இல்லை.

சில மாதம் கழித்து மல்லிகா ஒரு கடிதத்தோடு வந்து உள்ளே உட்கார்ந்தாள். பரிசோதனைகள் முடிந்துவிட்டன, பீ.சீ.ஜீ. போடலாம் என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிள்ளைக்குக் கிருமி இல்லை. வியாழக்கிழமை வரிசையில் அவள் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். சில வாரத்தில் தோளில் புண் கட்டியபோது மற்றத் தாய்மார் மாதிரிப் பதறாமல், காட்டிக் காட்டிச் சிரித்தாள். பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் பேனையால் திகதியை எழுதினேன்.

அன்றைக்குத்தான் சொன்னாள்: "நீங்க காய்ச்சல்னு பொய் சொன்னப்பவே, ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன் மிஸ். நாளைக்குத் தோட்டமே பேசும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாளு, ரெண்டு நாளு, ஒரு வாரம். யாரும் அதப் பேசல."

அப்போதும் அவள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது.

பிறகு கொரோனா வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்டார்கள். வாசலில் மேசை போட்டு, உதவிக்கு வந்த ஒருவர் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்: "சீனி, பிரஷர், வேற வருத்தம் ஏதும் இருக்கா?" வரிசையில் நின்ற எல்லோருக்கும் எல்லோருடைய பதிலும் கேட்டது. வரிசையின் நடுவில் மல்லிகா நின்றாள், இடுப்பில் மகள். ஒவ்வொரு ஆளாக முன்னேற முன்னேற அவள் முகம் இறுகுவது எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை விட முடியாது. மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, "இத உள்ள வகுப்பறைக்குக் கொண்டுபோவோம். கேள்வியெல்லாம் அங்க, ஒவ்வொரு ஆளா" என்றேன். வெயில் என்று காரணம் சொன்னேன். அன்றைக்கு வானம் நல்ல மப்பு.

உள்ளே என் முன்னால் உட்கார்ந்ததும் மல்லிகா படிவத்தில் அந்தக் கேள்வியைத் தேடி விரலை வைத்தாள்.

"எழுதுங்க மிஸ். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு."

மெல்லிய குரல், ஆனால் நடுக்கம் இல்லை. என்னை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்டி டொக்டருகிட்டக் கேட்டுட்டேன். இந்த ஊசியில உயிருள்ள கிருமி இல்லியாம். என்ன மாதிரி ஆளுக்குக் கட்டாயம் வேணுமாம். மஞ்சக்காமாலை ஊசியும் நிமோனியா ஊசியும் அங்கயே போட்டுக்கிட்டேன். உயிருள்ள மருந்துன்னா மட்டும் ரத்தத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம்." நான் தூங்கித் தவறவிட்ட வகுப்பின் மற்றப் பாதியை எனக்கு எடுத்தவள் அவள்தான்.

கடமையில் இருந்த டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து கேட்டார், அவளுடைய மருந்துகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், இந்த ஊசிக்குத் தடை எதுவும் இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் படிவம் யார் யார் கைக்குப் போகும்?" என்றார். வாசலில் சரிபார்ப்பவர், தோட்டத்துக் கந்தோர், பிறகு கணினியில் பதிபவர்கள் என்று சொன்னேன். "அப்படியென்றால் இதில் வேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும்" என்று தன் சுருக்கக் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

பேனையை அந்தக் கட்டத்தின் மேல் பிடித்தபடி இருந்தேன். பழக்க தோஷம், கை தானாக எதையாவது எழுதப் பார்த்தது. மல்லிகா அதைக் கவனித்துவிட்டாள்.

"காலியா இருந்தா ஒங்களுக்குப் புடிக்காதே மிஸ்" என்றாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"புடிக்காதுதான்" என்றேன். கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். "புள்ளைய என்கிட்டக் குடு. நீ உன் சட்டையச் சுருட்டு."